கரடிக்கு அளவெடுத்த துவக்கு

அண்ணை,

இன்று காலை ஜுபிலி லைன் ரயிலில் ஒரு கிழவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, பையிலிருந்து தைலப் போத்தலை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். பெட்டி முழுக்க அந்த நெடி. எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் பேப்பரை மூக்குவரை உயர்த்திக்கொண்டாள். எனக்கு வந்தது கோபம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பின்னால் வரும் ரயிலுக்காகப் பத்து நிமிஷம் நின்றேன். வேலைக்குப் பிந்தினேன். முதலாளி முறைத்தார். எல்லாம் உங்களால்தான்.

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. முப்பத்தோராம் நாள் உங்கள் வீட்டில் உங்கள் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். பதினாறு பக்கம், முன்னட்டையில் கோட் போட்ட படம். நீங்கள் படித்த பள்ளிக்கூடம், கவுன்சிலில் போட்ட றோட்டுகள், கோயிலுக்குக் கொடுத்த மணி எல்லாம் அதில் இருந்தன. கரடி இல்லை. என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அச்சடிக்கவும் மாட்டார்கள். அந்தப் பக்கத்தை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கடைசியில், பாடிங்டனுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கும் எங்கள் பட்டறைக்கு நனைந்த குடையோடு வந்தீர்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்து, மூன்று வருடமாக அங்கே துவக்குக்குக் குழல் பூட்டிப் பிடி வெட்டிக்கொண்டிருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் தமிழ் முகத்தைக் கண்டதும் உங்களுக்கு வந்த வேலை மறந்துபோயிற்று.

“நீர் யாழ்ப்பாணமோ?”

“ஓம்.”

“எவடம்?”

“ஊர் பிறகு, அண்ணை. என்ன மிருகம்?”

நீங்கள் சிரித்தீர்கள். “கரடி. அலாஸ்காக் கரடி. எனக்கு ஃபோர் ஃபிஃப்டி எயிட் வேணும்.”

“அது ஆனைக்கெல்லோ.”

“கரடி ஆனையாய் மாறினாலும் விழவேணும், ஐசே.”

ஐந்நூறு கிரெய்ன் எடைச் சன்னத்தை, சுண்டுவிரல் பருமன் குண்டை, தள்ளுகிற துவக்கு அது. சுடுகிறவனின் தோளைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும். அதைச் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. குழல் அளவைக் குறைத்து த்ரீ த்ரீ எயிட் என்றேன், உதட்டைப் பிதுக்கினீர்கள். த்ரீ செவன்டி ஃபைவ் என்றேன், கொஞ்சம் யோசித்தீர்கள்.

“குறைஞ்ச நம்பர் எனக்குச் சரிவராது தம்பி. ஏ.எல்லிலை கூட மார்க்ஸ் எடுத்தவனுக்குத்தானே இடம் குடுக்கிறவங்கள்?”

“இது யூனிவர்சிட்டி அட்மிஷன் இல்லை, அண்ணை.”

பகிடிபோலச் சொன்னாலும் அந்த எண்ணம் உங்களுக்கு உள்ளே ஊறிப்போயிருந்தது. எங்கள் சனத்துக்கே இந்த வருத்தம் உண்டு. டீவி என்றால் ஆகப் பெரியது, கலியாண மண்டபம் என்றால் ஆகப் பெரியது, கரடிக்கும் அப்படித்தான். ஆனால் ஏன் இந்தப் பிடிவாதம் என்று அன்று கடை பூட்டும் நேரத்தில்தான் சொன்னீர்கள்.

அறுபதுகளின் கடைசியில் வன்னியில் நில அளவைப் பகுதியில் வேலை. பாலைப்பழக் காலம். உங்களோடு அளவுச் சங்கிலி பிடித்தவர் கந்தையா. குளக்கட்டில் நடக்கும்போது பாலை மரத்திலிருந்து கரடி இறங்கிக் கந்தையாவின் மேல் பாய்ந்திருக்கிறது. உங்கள் கையில் இருந்த துவக்கில் காட்டுக்கோழிக்குப் போட்ட நாலாம் நம்பர்த் தோட்டா. இரண்டு குழலையும் வெடிக்கவைத்தீர்கள்.

“மணல் எறிஞ்ச மாதிரித்தான் தம்பி. அதுக்கு விசர்தான் கூடினது.”

கந்தையா உயிரோடு இருந்தாராம். முகத்தில் ஒரு பக்கம் இல்லாமல் பதினொரு வருடம். நீங்கள் வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தீர்கள். அவர் ஒருநாளும் உங்களைக் குறை சொல்லவில்லை என்பதைத்தான் மூன்று தடவை சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் பொறுமையாகப் பேசினேன். என் அளவில் அது பெரிய விஷயம். அந்தக் கரடிகள் எங்கள் கரடியைப் போல நான்கு மடங்கு. ஈர ரோமம், விரலடைக்கும் கொழுப்பு, அதற்குள் தோளெலும்பு. விரைவில் மலர்கிற சன்னம் எலும்பில் பட்டு வெளியிலேயே சிதறிவிடும். முந்நூறு கிரெய்ன், இறுக்கமான சன்னம், எலும்பை உடைத்து உள்ளே போகவேண்டும். குழல் எவ்வளவு அகலம் என்பதைவிட முதல் வெடி எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். இரண்டாவது வெடியை எவ்வளவு கெதியாக வைக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். உதைப்புக்குப் பயப்படாமல் எந்தத் துவக்கை ஆளமுடியுமோ அதில் ஆகப் பெரியதை எடுங்கள், அதற்கு மேல் ஒரு அங்குலமும் வேண்டாம் என்றேன். த்ரீ செவன்டி ஃபைவ் என்று முடிவானது. தோளில் பழுது இருந்தால் மட்டும் தேர்ட்டி-நாட்-சிக்ஸுக்கு இறங்கலாம், உதைப்பு அரைவாசி, பாரமான சன்னம் போட்டால் கரடிக்கும் காணும் என்றும் சொன்னேன்.

பிறகு அளவெடுத்தேன். கை நீளம், கழுத்து, கன்ன எலும்பு. படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது.

“உடம்பிலை ஏதும் பழுதோ?”

“இல்லை.”

இல்லை என்று எழுதினேன். தலையை நிமிர்த்தாமல்தான் கேட்டேன். நிமிர்த்திக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஆனாலும் நிமிர்த்தவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பொலிஸ் அனுமதிக்கு, சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரி வேண்டும். கிங்ஸ்பரியில் உங்கள் வீட்டில் பாரம் தாங்கும் செங்கல் சுவர் சாமியறையில்தான் இருந்தது. உங்கள் மனைவியான அக்கா வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“முருகனுக்குப் பக்கத்திலை துவக்கோ?”

“அவரும் வேலோடைதானே நிக்கிறார்” என்றீர்கள்.

“அவர் கரடி சுடப் போகேல்லை. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுற நேரத்திலை உங்களுக்கு இந்த விசர் வேலை.”

“சம்பந்தம் பேச வாறவைக்கும் ஒரு பயம் இருக்கட்டுமன்.”

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு துளை போடவேண்டும். கதிரையில் ஏறி ட்ரில்லைத் தோளுக்கு மேல் பிடிக்கவேண்டும். நீங்கள் ட்ரில்லை என் கையில் திணித்தீர்கள். “நீர் இளந்தாரி. நீர் துளையும்.” வேலைக்கள்ளன் என்று நினைத்தேன். அப்படியே சொல்லியும் காட்டினேன். “ஓம் தம்பி, கவுன்சில்காரன் எல்லோ” என்றீர்கள். பரிசோதிக்க வந்த பொலிஸ்காரர் அலுமாரியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, அக்கா கொடுத்த ரோல்ஸில் மூன்று சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை சரேயில் இருக்கும் சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். காரில் ஏறியதும் அந்தத் தைல நெடி.

“உதென்ன மணம்?”

“கைகால் பூட்டிலை நோ. வயசு.”

முதல் மூன்று வெடியும் நூறு யார் தூரத்தில் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. எனக்குப் பெருமைகூட வந்தது. நாலாவது ஒரு சாண் விலகிற்று. ஐந்தாவது அட்டையிலேயே இல்லை. இது எனக்குத் தெரிந்த வியாதி. உங்களுக்குத் தெரியாமல் வெடிக்காத வெறுந்தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். விசையை இழுத்தீர்கள். ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். குழல் நிலத்தைக் குத்தியது. உங்கள் தோள் அடி வாங்கினதுபோலப் பின்னுக்குப் போனது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டீர்கள்.

“பாத்தியளோ? வெடிக்காத தோட்டாவுக்கே இந்தப் பாடு. அண்ணை, உங்களுக்குப் பயம்.”

பக்கத்து மேசைக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

“பயம்தான் தம்பி.”

அதற்குப் பிறகும் ஏழு வெடி வைத்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீளமாக மூச்சை விட்டுக்கொண்டு. கடைசி நாலும் திரும்ப உள்ளங்கைக்குள் வந்தன. நான் சொன்னதால் திருந்திவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது, ஏதோ றோட்டைப் பற்றிக் கதைப்பதுபோலக் கேட்டீர்கள். “குழல் வாயிலை பூட்டுறாங்களாமே ஒண்டு, உதைப்பைக் குறைக்க. பிரேக்கோ என்னவோ. அது எப்பிடி?”

“அது பயந்தாக்களுக்கு. பக்கத்திலை நிக்கிற வழிகாட்டியின்ரை காதும் போகும்.”

ஜன்னல் கண்ணாடியை ஏற்றினீர்கள். பிறகு, “அந்தத் தேர்ட்டி-நாட்-சிக்ஸ் எண்டால் கரடி விழாதோ?”

நான் வெடித்தேன். “அண்ணை, லைசென்ஸிலை அளவு எழுதி, குழல் பூட்டி, பிடி வெட்டி, எண்ணெய் போட்டு முடிஞ்சுது. ஆனைத் துவக்கு வேணுமெண்டு வந்த ஆள் நீங்கள். நான் என்ன விளையாட்டுச் சாமானோ செய்யிறன்?”

“சரி சரி. சும்மா கேட்டனான்.”

அந்த இரண்டு கேள்வியும் இப்போதும் கேட்கிறது. அது உங்கள் பாணியில் ஒரு மனுவாக இருந்திருக்கிறது. எனக்கு விளங்கவில்லை. ஒரு எஞ்சினியர் இன்னொரு தொழில்காரனிடம் ‘எனக்கு இந்த இடம் நோகிறது, இதற்குத் தகுந்ததைச் செய்’ என்று இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். ஒரு பாலத்துக்கு மண் எப்படி என்று சொல்லாமல் தூண் போடச் சொல்வீர்களா? கவுன்சிலில் அப்படி யாராவது செய்திருந்தால் கிழித்திருப்பீர்கள்.

வைகாசியில் அலாஸ்காவுக்குப் போனீர்கள். மூன்று கிழமை கழித்துப் பட்டறைக்கு உங்கள் வழிகாட்டியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலாம் நாள், ஓடைக்கரையில், அறுபது யார் தூரத்தில் கரடி. முதல் வெடி தோளில், நல்ல இடத்தில். கரடி உருண்டு திரும்ப எழும்பியது. “இன்னொன்று! இன்னொன்று!” என்று அவர் கத்தியிருக்கிறார். நீங்கள் வலது கையைத் தொங்கவிட்டபடி நின்றிருக்கிறீர்கள். கரடி புதருக்குள் போய்விட்டது. அவர் தனியாகப் பின்னால் போய் அதைக் கொல்ல இருபது நிமிஷம் எடுத்தது. தோட்டா ஏற்றும் போல்ட் கைப்பிடி இறுகிவிட்டது, இரண்டாவது தோட்டா ஏறவில்லை என்று நீங்கள் சொன்னீர்களாம். ‘இப்படியான துவக்கோடு ஆட்களை அனுப்பி என்னைச் சாகடிக்கப் பார்க்கிறீர்களா’ என்று எழுதியிருந்தார்.

முதலாளி அந்தக் கடிதத்தை என் வேலைமேசையில் வைத்துவிட்டுப் போனார். பரிசோதிக்கப் பட்டறைக்கு எடுப்பித்த அந்தத் துவக்கைக் கழற்றி ஒவ்வொரு துண்டாக அளந்தேன். நாற்பது தோட்டா ஏற்றி இறக்கினேன். மண் போட்டுப் பார்த்தேன். ஐஸ் பெட்டியில் வைத்தும் பார்த்தேன். ஒரு தடவையாவது இறுகவில்லை. உங்களுக்கு போன் எடுத்தேன்.

“போல்ட் எந்த இடத்திலை இறுகினது? தூக்கேக்கையோ, இழுக்கேக்கையோ?”

“ரெண்டுக்கும் இடையிலை.”

“இடையிலை எண்டு ஒண்டு இல்லை, அண்ணை.”

“இறுகினது தம்பி. விடுமன்.”

“விட ஏலாது. என்ரை வேலை போகப்போகுது.”

கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “நான் உம்மடை முதலாளிக்கு எழுதுறன். துவக்கிலை பிழையில்லை எண்டு.”

“பிழை ஆரிலை எண்டு எழுதுவியள்?”

நான் போனை வைத்தேன்.

கடிதம் வந்தது. தட்டச்சில் நேரான வரிகள், வெள்ளைத் தாள். துவக்கு குறையில்லாதது, கரடியைக் கண்டதும் பயத்தில் கை உறைந்துவிட்டது, வெட்கத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். என் வேலை தப்பியது. நான் அதை நம்பினேன். பயம் என்று முதலில் சொன்னவனே நான்தானே.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. பாத்ரூமில் சறுக்கி விழுந்து கையைக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள் என்று யாரோ சொன்னார்கள். நல்லது, கிடக்கட்டும் என்று நினைத்தேன். ஆவணியில் மகளின் கலியாணத்துக்கு அழைப்பிதழ் வந்தது. என் பெயரை நீங்களே எழுதியிருந்தீர்கள். எழுத்துக் கோணலாக இருந்தது. இடக்கையால் எழுதியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் போகவில்லை. அன்று முழுக்க வீட்டில் படுத்துக் கிடந்து கிரிக்கெட் பார்த்தேன்.

ஐப்பசியில் நீங்கள் செத்துப்போனீர்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு வந்தேன். சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு, அக்கா என்னைச் சாமியறைக்குள் கூப்பிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உங்கள் கவுன்சில் மேசை லாச்சியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்களாம். முழுக்க ஆஸ்பத்திரிக் கடிதங்கள். எலும்புக்குள் புற்றுநோய். விலா, முதுகு, துவக்குப் பிடி பதிகிற வலது தோளின் காறை எலும்பு. நீங்கள் குடையோடு எங்கள் பட்டறைக்கு வந்ததற்கு ஐந்து மாதம் முந்திய தேதி முதல் கடிதத்தில். காறை எலும்பு எந்த நேரமும் முறியலாம், பாரம் தூக்கவேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. அலாஸ்காவிலிருந்து வந்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயின் அறிக்கையும் இருந்தது. முறிந்திருந்தது.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

“தகப்பனுக்குக் கான்சர் எண்டால் சம்பந்தம் குழம்பிப்போகுமெண்டு நினைச்சிருக்கிறார். பரம்பரை வருத்தமோ எண்டு கேப்பினமாம். சனம் ஹார்லிக்ஸ் போத்தலோடை வந்து நிக்குமாம். அதுக்காக எனக்கும் சொல்லாமல் விடுறதே? இருபத்தெட்டு வருசம் தம்பி. ஒரே கட்டில்.”

எக்ஸ்ரே அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கடிதங்களைப் பைக்குள் திணித்தார்.

“செவ்வாய்க்கிழமையளிலை உம்மடை பட்டறைக்குப் போறன் எண்டுதான் வெளிக்கிடுறவர். நானும் நம்பி ரோல்ஸ் கட்டிக் குடுத்துவிட்டனான், உமக்கெண்டு.”

எந்தச் செவ்வாய்க்கிழமையும் நீங்கள் வரவில்லை, அண்ணை. எந்த ரோல்ஸும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக என்னைச் சாட்டாக வைத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தில் எழும்பிய கோபத்துக்கு, உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எறிந்திருப்பேன்.

அப்போது அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லும். உம்மட்டையாவது சொன்னவரோ?”

அவர் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. தன்னிடம் சொல்லவில்லை என்ற அவமானம் அதில் இருந்தது. அதைவிட, அந்த மனுஷன் ஒருத்தரிடமும் வாய் திறக்காமல், ஒன்றேகால் வருடம் அதைத் தனியாக வைத்துக்கொண்டு திரிந்தாரா என்ற பயம் கூடுதலாக இருந்தது. யாராவது ஒருத்தருக்குத் தெரிந்திருந்தால் போதும் என்று நின்றார். மூஞ்சிக்கு நேரே பேசுகிறவன் என்றுதான் என்னை எல்லாரும் சொல்வார்கள். பொய் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

“ஓம் அக்கா” என்றேன். “என்னட்டைச் சொன்னவர்.”

அவர் நீளமாக மூச்சு விட்டார். தோள் இறங்கியது. கண்ணைத் துடைத்தார். ஒரு நிமிஷம் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன்.

பிறகு அவர் கையிலிருந்த எக்ஸ்ரே அறிக்கையைப் பார்த்தார். சுவரில் இருந்த இரும்பு அலுமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அப்ப, தெரிஞ்சுகொண்டோ அந்தத் துவக்கைக் குடுத்தனீர்?”

சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து காருக்குள் இருந்துதான் போட்டேன்.

அக்கா இப்போது என்னைக் கண்டால் றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவார். மகளும் அப்படித்தான். போன மாதம் கிங்ஸ்பரிக் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். அக்கா வெண்டிக்காயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும்: ‘அக்கா, எனக்கும் சொல்லவில்லை.’ சொன்னால் இந்தப் பாரம் என் தலையிலிருந்து இறங்கும். இறங்கி நேரே அவர் தலையில் ஏறும். தன் புருஷன் அந்த நோவோடு தனியாகத்தான் இருந்தார் என்று அவர் திரும்பவும் முதலிலிருந்து தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆகவே நான் சொல்லப்போவதில்லை. ஒரு நோயாளியின் முறியப்போகும் எலும்பில் தெரிந்தே துவக்கை வைத்தவனாக அந்த வீட்டில் நான் இருந்துவிட்டுப் போகிறேன். உங்களுக்காகச் செய்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள், அண்ணை. அக்காவுக்காகச் செய்கிறேன். உங்களோடு எனக்குக் கோபம்தான்.